ஆள் வரைஞ்சா விறைச்சுக்கிட்டு நிக்குது: நெல்லைப் பக்கம் ஃபிகர் ட்ராயிங் பழக வழி சொல்லுங்க

பாளைப்பென்சில்:
எல்லாருக்கும் வணக்கம். வெளியூர்ல ஃபைன் ஆர்ட்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. லீவுக்கு வந்திருக்கேன். பானை, துணி மடிப்பு, கட்டிடம், முகம் எல்லாம் ஓரளவு வருது. முழு ஆள்னு வந்தா மட்டும் விறைச்சுப் போய் நிக்குது. ஆள் உயரம் தலையோட உயரத்தைப் போல எட்டு மடங்குங்கற எட்டுத் தலை அளவுக்குக் கோடு போட்டுத்தான் வரையுதேன். அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு, உயிர் இல்ல.

வகுப்புல மாடல் வர்ற நாளே கம்மி. வந்தாலும் நாற்காலியில உக்காந்தே இருப்பாரு. பின் வரிசையில நிக்கிறவளுக்கு அவரோட முதுகும் ஒரு காதும்தான் கிடைக்கும். லீவு முடிஞ்சு வரும்போது ஸ்கெட்ச் புக் முழுக்க ஆளா இருக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இங்கன மாடலுக்கு நான் எங்க போவேன்? போன்ல போட்டோ பாத்து வரையலாமா? கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போய் சிலையப் பாத்து வரைன்னும் சிலர் சொல்லுதாங்க.

ரெண்டு படம் கீழ போட்டிருக்கேன். ஒண்ணு எங்க தம்பி, கதவுல சாஞ்சு நிக்கான். இன்னொண்ணு அம்மா, குடத்த இடுப்புல வச்சிருக்கா. தயங்காமத் திட்டுங்க.

கரித்துண்டு:
திட்டுறதுக்கு என்ன இருக்கு தாயி, கோடு நல்லா சுத்தமா விழுது. குறை வேற இடத்துல இருக்கு.

அம்மா படத்தப் பாரு. குடம் இடது இடுப்புல இருக்கு. தண்ணி நிறைஞ்ச குடம்னா அந்தப் பக்கம் இடுப்பு மேல ஏறி வெளிய தள்ளும், உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கிற கை தன்னால விலகும். நீ ரெண்டு இடுப்பெலும்பையும் ஒரே மட்டத்துல வச்சிருக்க, தோளும் ஒரே மட்டம். குடம் அவங்க மேல இல்ல, பக்கத்துல ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். தம்பி படத்துலயும் அதே கதை. கதவ எடுத்துட்டாலும் அவன் விழமாட்டான். அப்ப அவன் சாயவே இல்லைன்னுதானே அர்த்தம்?

இனிமே எந்த ஆளை வரைஞ்சாலும் முதல்ல முகத்துக்குப் போகாத. தொண்டைக்குழியில இருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதா நினைச்சுக்க. ஒத்தைக் கால்ல பாரம் போட்டு நிக்கிற ஆளுக்கு அந்த நூல் பாரம் தாங்குற பாதத்துல போய் விழும். பாரம் தாங்குற பக்கம் இடுப்பு மேல ஏறும், பெரும்பாலும் அதே பக்கத் தோள் கீழ இறங்கும். இந்த ரெண்டு சாய்வையும் ரெண்டு கோடாப் போட்டுட்டு மத்ததுக்குப் போ.

எட்டுத் தலைக் கணக்கு நிமிர்ந்து நிக்கிற ஓவிய நாயகனுக்கு. சாதாரண ஆள் ஏழரைத் தலைதான். ஒரு வயசுப் பிள்ளைன்னா சுமார் நாலு தலை. அதுவும் நிமிர்ந்து நின்னா. நம்ம ஊரு டீக்கடை வாசல்ல எவன் நிமிர்ந்து நிக்கான்?

கல்லுளி:
கரித்துண்டு அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் அளவை இப்படிக் கிண்டல் பண்ணிவிட்டுப் போக வேண்டாம். நான் மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பம் படித்தவன். எங்களுக்குத் தாளம்தான் அரிச்சுவடி.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தசதாளம் என்றால் பத்துத் தலை உயரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாளம் என்பது முகத்தின் நீளம்: நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. உச்சந்தலை அதில் சேராது. உத்தம தசதாளத்துக்கு, அதாவது தசதாளத்தில் உயர்ந்த வகைக்கு, மொத்தம் 124 அங்குலம். இந்த அங்குலம் இன்ச் இல்லை, சிலையின் உயரத்துக்கேற்ப மாறும் சிற்ப அளவு. அதில் முகம் ஏறத்தாழ 13, அதற்கு மேல் உச்சி வரை 4. ஆக முழுத் தலை 17. இப்போது 124ஐ 17ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழே கால், ஏழரைக்குள்தான் வரும். அதாவது பெருமாள் சிலையும் நம்ம பக்கத்து வீட்டுக்காரரும் ஏறக்குறைய ஒரே கணக்கு. கிரீடம்தான் அவரை உயர்த்திக் காட்டுகிறது. நவதாளத்துக்கு 108 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், அதனால்தான் குட்டையாக, தலை பெரிதாக வருகிறார்.

நிற்கும் நிலைக்கும் எங்களிடம் கணக்கு உண்டு. சமபங்கம் நேராக நிற்பது. ஆபங்கம் லேசான வளைவு. திரிபங்கத்தில் தலை, உடல், கால் மூன்றும் மூன்று பக்கம் திரும்பும். அதிபங்கம் ஆட்டமும் போரும். அண்ணாச்சி சொன்ன இடுப்புச் சாய்வைச் சிற்பி உளி எடுக்கும் முன்பே நூல் பிடித்துக் குறித்துவிடுவார். பிரம்மசூத்திரம் என்று அந்த நடுநூலுக்கே பெயர் வைத்திருக்கிறோம்.

தங்கச்சி கிருஷ்ணாபுரம் கட்டாயம் போக வேண்டும். பாளையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை. ஆள் உயரத்துக்குத் தூணோடு தூணாக நிற்கிற உருவங்கள். வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன், ரதி, அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவன். அந்தக் குறவனைச் சுற்றி வாருங்கள். தூக்கியவளின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பக்கவாட்டில் நின்று பார்த்து, அந்த ஒரு கோட்டை மட்டும் போடுங்கள். நகையைத் தொடாதீர்கள், நகை வரையப் போனால் பொழுது அதிலேயே போய்விடும். கோயில் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கால் மடக்கி உட்கார்ந்து வரைகிறவரை யாரும் விரட்டியதில்லை.

கரித்துண்டு:
// அளவை இப்படிக் கிண்டல் பண்ணிவிட்டுப் போக வேண்டாம் //

கிண்டல் இல்ல வே. 124ஐ 17ஆல வகுத்துக் காட்டினிய பாருங்க, அதை இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்ல. சபாஷ்.

ஆனா சிலையில ஒரு வசதி இருக்கு, அந்த வசதிதான் ஆபத்தும். கல்லு களைக்காது. மூணு மணி நேரம் பாத்தாலும் குறவன் அப்படியே நிப்பான். ஆணைச் செதுக்கினாலும் பெண்ணைச் செதுக்கினாலும் சதையை மழமழன்னு உருட்டி, மூட்ட மறைச்சு, மூச்சுக்காத்து உள்ள நிறைஞ்ச உடம்பா ஆக்கியிருப்பாவ. அது அவுக இலக்கணம், அழகு. அதையே பழகிட்டு வந்து நம்ம முருகன்குறிச்சி ஆட்டோக்காரரை வரைஞ்சா அவருக்கும் திரிபங்கம் வந்துரும்.

கோவில்பட்டியில கொண்டையராஜு (1898–1976) இருந்தாரு. மதராஸ் ஓவியப் பள்ளியில படிச்சு, நாடகத்துக்குச் சீன் திரை வரைஞ்சு, போட்டோ ஸ்டுடியோ வச்சு, அப்புறம் சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் போட்டு நம்ம வீட்டுச் சுவரையெல்லாம் நிரப்புனவரு. அவருக்கு உடம்பு தெரியும், அதுக்கு மேல மெருகு ஏத்துனாரு. அவரப் பாத்துக் காப்பி அடிச்சவுக கூட்டத்துல மெருக மட்டும் எடுத்துக்கிட்டவுகதான் ஜாஸ்தி. காலண்டர்ல லட்சுமிக்கு முழங்கை எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, கிடைக்காது. அதனால தாயி, சிலைக்கு ஒரு நாள் போ, உசுரோட இருக்கிற ஆளுக்குப் பத்து நாள் போ.

வேய்ந்தான்குளம்:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? நெட்ல போஸ் படம் ஆயிரக்கணக்குல இருக்கு. 30 செகண்ட், 1 நிமிஷம், 2 நிமிஷம்னு டைமரோட மாறிக்கிட்டே வரும். ஃபேன் போட்டு ரூம்ல உக்காந்து வரையலாம். நான் அப்படித்தான் பழகினேன்.

மூட்டும்எலும்பும்:
நான் ஓவியர் இல்லை, பிசியோதெரபி பார்க்கிறேன். படம் வரைகிற ஆர்வத்தில் இந்தப் பக்கம் வந்து போவேன். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தம்பி படத்தில் தூக்கிய கையைப் பார்த்ததும் எனக்குத் தோள் வலித்தது.

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் மூட்டு மட்டும் வேலை செய்வதில்லை. 180 டிகிரியில் ஏறக்குறைய 120 தோள் மூட்டில், மீதி 60 முதுகிலிருக்கும் தோள்பட்டை எலும்பின் சுழற்சியில். அந்த முக்கோண எலும்பு திரும்பி, விலாப் பக்கமாக நகர்ந்து, கழுத்துக்குக் கீழே முன்பக்கம் குறுக்காகக் கிடக்கும் காறை எலும்பையும் கூடவே தூக்கும். கை உயர்ந்திருக்க, காறை எலும்பு மட்டம் மாறாமல் கிடந்தால் அந்தக் கை ஒட்டவைத்த கைதான். கண்ணாடி முன் நின்று ஒரு கையை உயர்த்தி, மறு கையால் காறை எலும்பைத் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

சதையைப் பெயர் சொல்லி மனப்பாடம் செய்ய இப்போதைக்கு அவசியமில்லை. தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் இடங்களைப் பிடியுங்கள். ஆள் குண்டானாலும் ஒல்லியானாலும் இவை பெரும்பாலும் தெரியும்: தொண்டைக்குழி, காறை எலும்பு, முழங்கை முனை, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்க மேடு, இடுப்பில் வேட்டி முடிச்சுப் பக்கம் முன்னால் துருத்தும் எலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால். கணுக்காலில் உள்பக்க மேடு உயரத்திலும் வெளிப்பக்க மேடு தாழ்வாகவும் இருக்கும். உங்கள் இரண்டு படத்திலும் அது தலைகீழாக இருக்கிறது.

கரித்துண்டு:
டாக்டர், கணுக்காலைச் சொன்னிய பாருங்க, அது போதும். அந்த ஒண்ணு மாறினாலே பாதம் தரையில ஊனிரும்.

வேய்ந்தான்குளம் தம்பி, டைமர் நல்ல பழக்கம்தான், வேணாங்கல. ஆனா போட்டோவுக்குக் கண்ணு ஒண்ணுதான். பக்கத்துல நின்னு போன்ல எடுத்த ஆளுக்குத் தலை பெருசாவும் கால் சிறுசாவும் வரும். நீ அதை அப்படியே இறக்குவ, அளவு தப்புன்னு வாத்தியார் சுழிப்பாரு, உனக்குக் காரணம் புரியாது. எடுத்தே தீரணும்னா நாலஞ்சு எட்டு பின்னால போய், போனை இடுப்பு உயரத்துல பிடிச்சு எடு. இன்னொண்ணு, போட்டோவுல அடுத்த நொடி கிடையாது. ஆள் எந்தப் பக்கம் போகப் போறாருன்னு அது சொல்லாது.

பாளைப்பென்சில்:
எல்லாருக்கும் நன்றி. கிருஷ்ணாபுரம் போனேன். கல்லுளி அண்ணன் சொன்ன மாதிரியே கோடு மட்டும் போட்டேன், நகையத் தொடல. உண்மையிலயே கை இளகுச்சு.

ஆனா பஸ் ஸ்டாண்டுல உக்காந்து வரையிறது பெரிய பாடு. ஒரு ஆளப் பாத்துப் பாதி போடுறதுக்குள்ள பஸ் வந்துருது, அவர் போயிடுதாரு. அதுக்குள்ள பின்னாடி கூட்டம் கூடிருது. “ஏ பிள்ள, என்னைய வரை”, “இது யாரு, நம்ம கண்டக்டரா?”ங்கறது ஒரு பக்கம். ஒருத்தர் போன எடுத்து என்னையவே படம் பிடிக்காரு. ஒத்தையில ஒரு பொம்பளப் புள்ள உக்காந்தா இதுதான் நடக்கும்னு அம்மா ஏசுதா. எனக்கு அசையாம இருக்கிற ஆள் வேணும், இல்லாட்டி கூட்டம் இல்லாத இடம் வேணும்.

முக்கூடல்காரி:
ஏட்டி தங்கச்சி, அசையாத ஆளை ஏன் தேடுத? ஒரே அசைவத் திரும்பத் திரும்பச் செய்யிற ஆளைத் தேடு. நான் டிராயிங் டீச்சர், எங்க வீட்டுல அம்மையும் சித்தியும் பீடி சுத்துதாவ. நான் பழகுனதெல்லாம் அவுக முன்னால உக்காந்துதான்.

எப்படின்னு கேளு. கால் ரெண்டையும் முன்னால நீட்டி, மடியில சொளவை, அதான் முறத்த, வச்சு உக்காருவாவ. ஊறவச்ச இலையத் தகடு வச்சுக் கத்திரியில வெட்டி அடுக்கி வச்சிருப்பாவ. இடது கை இலைய எடுக்கும், வலது கை தூள ஒரு சிட்டிகை கிள்ளி இலையில பரத்தும். ரெண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்டும். அந்த நேரம் ரெண்டு முழங்கையும் விலாவ ஒட்டி உள்ள வரும், கழுத்து முன்னால போகும். அப்புறம் பீடியோட வாய மடக்கி, நூலைச் சுத்தி இழுக்கும்போது வலது முழங்கை மட்டும் வெளிய விலகும். உடனே அடுத்த இலை. நீ முழங்கை உள்ள இருக்கிற நிலைய எடுத்துக்கிட்டேன்னு வை, அவுக அடுத்த நிலைக்குப் போனதும் பென்சிலத் தூக்கிட்டுக் காத்திரு. கொஞ்ச நேரத்துல அதே முழங்கை அதே இடத்துக்கு வந்துரும். ஒரு பக்கத்துலயே மூணு நிலையையும் தனித்தனியாத் தொடங்கி வச்சிரு. எது வருதோ அதுல போய் ரெண்டு கோடு சேரு. காசு கொடுத்துக் கூப்பிட்ட மாடல்கூட ஒரே போஸுக்கு இத்தனை தடவை திரும்பி வரமாட்டாரு.

இந்த மாதிரி வேலை நம்ம சீமையில எத்தனை இருக்கு? பத்தமடையில கோரைப்பாய் நெய்யிறவுக ரெண்டு பேரு தறிக்கு முன்னால தரையில உக்காந்திருப்பாவ. ஒருத்தர் கோரைய உள்ள விடுவாரு, இன்னொருத்தர் இழுத்து அடிப்பாரு. இஸ்திரி போடுற அண்ணாச்சி, பரோட்டாவுக்கு மாவு வீசுறவரு, குறுக்குத்துறையில துணி துவைக்கிறவுக, நடவு நடுறவுக. நடவுல குனிஞ்ச முதுகு இருக்கே, அதுக்குள்ள இடுப்பு எங்க மடங்குது, முதுகு எங்க வளையுதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா உனக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

ஒண்ணு மட்டும் மறந்துராத. கேக்காம வரையாத. “ஆச்சி, உங்க கையப் பாத்துப் படம் போட்டுக்கிடட்டா”ன்னு கேளு. வரைஞ்சத உடனே காட்டு. முகம் தெரியிற படத்த அவுக சம்மதம் இல்லாம நெட்ல போடாத. சும்மா சுத்திப் பேசிக்கிட்டு வேலையக் கெடுக்காத, அவுகளுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி.

டவுன்வாசி:
முக்கூடல்காரி அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கிடுங்க. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். நாலு ரதவீதியிலயும் வடம் பிடிக்கிறவங்க உடம்பப் பாத்திருக்கீங்கள்ல? தேர் நகர்றதுக்கு முந்தின நொடி ஒருத்தரும் தன் கால்ல நிக்கிறதில்ல. எல்லாரும் வடத்துலதான் நிக்காங்க. வடத்த விட்டா மல்லாந்துருவாங்க. கரித்துண்டு அண்ணாச்சி சொன்ன தொண்டைக்குழி நூல் பாதத்துக்கு ரொம்ப வெளிய போய் விழும். முட்டுக்கட்டை போடுறவரு சக்கரத்துக்குப் பக்கத்துல பாதி குனிஞ்சு, எந்த நேரமும் பின்னால குதிக்கிற மாதிரியே இருப்பாரு. மேல் மாடியில ஒரு வீடு பிடிச்சு உக்காந்தா கூட்டத் தொல்லையும் இல்ல.

மெரினா உழைப்பாளர் சிலைய எடுத்துக்கிடுங்க. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959ல வச்சது. பாறைய நெம்புற அந்த நாலு பேருல ஒருத்தராவது நேரா நிக்காரா? அவர் 1929ல இருந்து 1957 வரைக்கும் மதராஸ் ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகிச்சவரு. சிலையில சதை முறுக்கு கொஞ்சம் ஜாஸ்திதான், என் கருத்து. ஆனா பாறை கனமா இருக்குன்னு நம்பவைக்கிறது சதை இல்ல, கால் பரப்பி நிக்கிற தூரம்.

கல்லுளி:
// சதையை மழமழன்னு உருட்டி // என்று அண்ணாச்சி சொன்னதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் மரச்சிற்பமும் சுவரோவியமும் இருக்கின்றன. அதில் வரும் போர்வீரர்களையும் குதிரைக்காரர்களையும் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். ஓடுகிறவன் ஓடுகிறான்.

கரித்துண்டு:
பாத்திருக்கேன். ஓடுதான், ஒத்துக்கிடுதேன். கண்ணு மட்டும் பக்கவாட்டு முகத்துலயும் முழுசா முழிக்கும். அது உங்க இலக்கணம், நான் சண்டைக்கு வரல.

பாளைப்பென்சில்:
பக்கத்துத் தெருவுல பீடி சுத்துற ஒரு ஆச்சிகிட்ட கேட்டேன். “என்னைய வரைஞ்சு என்னத்துக்குடி, போய் உங்கம்மாவ வரை”ன்னாவ. அப்புறம் அவுகளே திண்ணையில இடம் ஒதுக்கினாவ. மூணு நிலையத் தொடங்கி வைக்கிற வித்தை நல்லா வேலை செய்யுது. கை, தோள், கழுத்து எல்லாம் வந்துருச்சு. படம் போட்டிருக்கேன், முகத்த விட்டுட்டேன்.

இப்ப கால்ல மாட்டிக்கிட்டேன். ஆச்சி என் பக்கமா நீட்டியிருக்காவ. பாதம் பெருசாத் தெரியுது, முழங்கால் கிட்டத்தட்ட பாதத்துக்குப் பின்னாலயே இருக்கு. வரைஞ்சா கால் வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு. நீளமாப் போட்டா ஆச்சி சறுக்கி விழுற மாதிரி இருக்கு.

மூட்டும்எலும்பும்:
தோள் அருமை. காறை எலும்பு சரியான சாய்வில் இருக்கிறது. சேலைக்குள் முழங்கால் சில்லு எங்கே என்று ஒரு சின்னக் குறி வைத்திருந்தால் காலும் பிடிபட்டிருக்கும்.

கரித்துண்டு:
உன் மூளைக்குக் கால் நீளம்னு தெரியும், அது கையப் பிடிச்சு இழுக்குது. அதுகிட்ட கேக்காத, பென்சில்கிட்ட கேளு. முழங்கை மடங்காம கைய நீட்டு, ஒரு கண்ண மூடு. பென்சில் நுனியில இருந்து கட்டைவிரல் வரைக்கும் பாதத்தோட உயரத்த அள. அதே அளவை அப்படியே மேல கொண்டு போ. கால் விரல் நுனியில இருந்து முழங்கால் மேடு வரைக்கும் எத்தனை பாதம் வருது? ஒண்ணுகூட வராது, பாரு. நம்ப முடியாது, ஆனா அதைத்தான் போடணும்.

அப்புறம் எது எதை மறைக்குதுங்கற வரிசை. பாதம் கணுக்கால மறைக்கும், முழங்கால் மேடு தொடைய மறைக்கும், சொளவு விளிம்பு வயித்த மறைக்கும். நீ எல்லாக் கோட்டையும் ஒண்ண ஒண்ணு தொட்டு நிறுத்தியிருக்க. முன்னால இருக்கிற கோடு ஓடட்டும், பின்னால இருக்கிற கோடு அதுல முட்டி நிக்கட்டும். கைக்கும் விலாவுக்கும் நடுவுல தெரியிற சுவர்த் துண்டு இருக்கு பாரு, அதையும் தனி வடிவமா வரை. அந்த முக்கோணம் சரியா வந்தா கை தன்னால சரியாகும்.

சேலை மடிப்ப எண்ணாத. மடிப்பு எங்க இருந்து கிளம்புதுன்னு பாரு. உக்காந்த ஆளுக்கு முழங்கால்ல இருந்தும் இடுப்புல இருந்தும்தான் கிளம்பும். அந்த நாலஞ்சு கோடு போதும், மிச்சம் ஜவுளிக்கடை வேலை.

தாளுக்குக் காசைக் கொட்டாத. அச்சகத்துல வெட்டி மிஞ்சின நியூஸ் பிரிண்ட் கேட்டா எடை போட்டுத் தருவாவ. 6பி பென்சில், கொஞ்சம் சார்கோல், அழிரப்பர் வீட்டுலயே இருக்கட்டும்.

வேய்ந்தான்குளம்:
அழிரப்பர் இல்லாமயா? ஏ அப்பா.

முக்கூடல்காரி:
சார்கோலத் திண்ணைக்குக் கொண்டு போகாத தங்கச்சி, ஆச்சி சொளவுல தூசி விழுந்தா அப்புறம் உன்னைய உள்ளேயே விடமாட்டாவ. பென்சில் போதும்.

கால் வரலைன்னா எங்க வீட்டுக்கு வா. சித்தி பக்கவாட்டுல உக்காருவா, அம்மை நேரா உக்காருவா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பாக்கலாம். கேட்டுட்டேன், சரின்னுட்டாவ. பீடிய ஒப்படைக்கிற நாள்ல மட்டும் வராத, அன்னைக்கு எண்ணிக் கட்டுற அவசரத்துல ஒருத்தரும் ஒரு இடத்துல உக்காரமாட்டாவ. ஊருக்கு வந்து போன் போட்டா தம்பி சைக்கிள்ல வந்து கூட்டிட்டு வருவான். நம்பர இங்க போடல, தனிச் செய்தியில அனுப்புதேன். வெள்ளன வா. பத்து மணிக்கு மேல முற்றத்துல வெயில் ஏறிரும், எல்லாரும் உள்ள போயிருவாவ. அப்புறம் உனக்கு வெளிச்சமும் கிடைக்காது, காலும் கிடைக்காது.

பாளைப்பென்சில்:
வாரேன் அக்கா. என் கூட வகுப்புல படிக்கிற பிள்ள ஒருத்தி அம்பாசமுத்திரத்துல இருக்கா, அவளையும் கூட்டிட்டு வரலாமா? அவளுக்குக் கை விரல்தான் வரமாட்டேங்குது.

முக்கூடல்காரி:
கூட்டிட்டு வா. விரலுக்கு எங்க அம்மையவிட நல்ல மாடல் கிடையாது.